செல்லுக்குத் தெரிந்த வித்தைகள் கொஞ்சம்தான்

முழங்கையில் சிராய்த்துக்கொண்டால் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவது பழைய வழக்கம். ஊற்றியதும் வெள்ளையாக நுரை பொங்கும். "கிருமியெல்லாம் சாகுது பார்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். உண்மையில் அந்த நுரைக்குக் காரணம் நம் செல்கள்தான். கிழிந்த செல்களிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் கேட்டலேஸ் என்ற நொதி வெளியே வந்து, பெராக்சைடு மூலக்கூறுகளை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துப் போடுகிறது. நுரைக்குள் அடைபட்டிருப்பது அந்த ஆக்சிஜன். (புண்ணை ஆற்ற வரும் நல்ல செல்களையும் பெராக்சைடு சேர்த்தே அழிப்பதால் இப்போது இதை அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. அது வேறு கதை.)

இதே பெராக்சைடு பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் கிடந்தபோது நுரைக்கவில்லை. அங்கேயும் அது சிதைந்துகொண்டுதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக. எப்படியும் நடக்கவிருந்த வினையைக் கேட்டலேஸ் அவசரப்படுத்தியது, அவ்வளவே. ஆனால் என்ன அவசரம்! ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடிக்குள் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைத் தீர்த்துவிடும்.

ஒரு செல்லுக்குள் இப்படி ஆயிரக்கணக்கான வினைகள் ஓடுகின்றன. எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு வரைந்த வரைபடம் ஒன்று உண்டு. முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில வித்தைகள்தான் தென்படும். நொதிகளை அவை செய்யும் வேலையை வைத்துப் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலில் 2018 வரை ஆறே வகுப்புகள் இருந்தன. அந்த ஆண்டு, பொருள்களைச் செல்சவ்வின் குறுக்கே தள்ளிவிடும் நொதிகளுக்காக ஏழாவது சேர்ந்தது. என்னைக் கேட்டால், நீர் எங்கே போகிறது, எலக்ட்ரான் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டே அந்த வரைபடத்தில் பாதிக்கு மேல் படித்துவிடலாம்.

முதலில் நீர். உயிரினங்களின் பெரிய மூலக்கூறுகள் பெரும்பாலும் சிறிய துண்டுகளைக் கோத்த மாலைகள். அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம், குளுக்கோஸைக் கோத்தால் மாவுச்சத்து. இரண்டு துண்டுகள் சேரும்போது ஒன்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் மற்றதிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கழன்று, ஒரு நீர் மூலக்கூறாக வெளியேறும். 300 அமினோ அமிலங்களைக் கோத்தால் 299 நீர் மூலக்கூறுகள். இது குறுக்க வினை. அதே நீரைப் பழைய இடத்தில் செருகினால் இணைப்பு விட்டுப்போகும். அது நீராற்பகுத்தல். செரிமானம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வித்தைதான்.

வாயிலேயே இதைப் பிடிக்கலாம். மாவுச்சத்துள்ள ஒரு கவளத்தை விழுங்காமல் ஓரிரு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். லேசாக இனிப்புத் தட்டும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி, குளுக்கோஸ் மாலையின் இணைப்புகளில் நீரைச் செருகிச் செருகி வெட்டியதன் விளைவு அது. மரத்திலும் காகிதத்திலும் இருக்கும் செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் மாலைதான். இணைப்பு நிற்கும் கோணம் மட்டும் வேறு. அந்தச் சின்ன வித்தியாசத்தில் நம் அமைலேஸ் தோற்றுவிடுகிறது. காகிதத்தை எவ்வளவு மென்றாலும் இனிக்காது.

சரி, நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர்தான் மாலையை அறுக்கும் என்றால் நம் தசைப் புரதங்கள் ஏன் கரைந்துபோகவில்லை? நொதி இல்லாமல் அந்த அறுபடல் அவ்வளவு மெதுவானது என்பதே பதில். வெறும் நீரில் ஒரு புரத இணைப்பு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தாங்கும். நாம் உருவம் குலையாமல் நிற்பதே இந்தச் சோம்பலின் தயவில்தான்.

கோப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. நாலாபுறமும் நீர் சூழ்ந்திருக்கும் இடத்தில் நீரை வெளியேற்றி ஒட்டுவது லேசான காரியமல்ல. வினை தானாக ஓட விரும்பும் திசை, அறுக்கும் திசை. எதிர்த் திசையில் ஓட்ட வேண்டுமானால் செலவு செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கான சில்லறை ஏடிபி. கார்ல் லோமன் 1929-இல் கண்டறிந்த மூலக்கூறு இது. வரிசையாக மூன்று பாஸ்பேட்டுகள், எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பவை. கடைசி பாஸ்பேட் வேறொரு மூலக்கூறுக்குக் கைமாறும்போது அந்த இறுக்கம் தளர்கிறது, பெற்றுக்கொண்ட மூலக்கூறு வினைக்குத் தயாராகிறது. "பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளிவருகிறது" என்று பள்ளியில் படித்திருப்போம். எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகத்தான் செய்யும். உடைந்த பிறகு உருவாகும் பொருள்கள் இன்னும் நிலையாக இருப்பதால்தான் கணக்கில் மிச்சம் விழுகிறது. உங்கள் உடலில் இந்தக் கணத்தில் இருக்கும் மொத்த ஏடிபி கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் ஒரே நாளில் கிட்டத்தட்ட உங்கள் எடையளவு ஏடிபி செலவாகிறது. அதே மூலக்கூறுகளே திரும்பத் திரும்ப நிரப்பப்பட்டுச் சுற்றிவருகின்றன.

நிரப்புவது யார்? இங்கேதான் எலக்ட்ரான் வருகிறது.

1782-83 குளிர்காலத்தில் பிரெஞ்சு அறிஞர்களான லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று அளந்தார்கள். கரியை எரித்தும் அதே அளவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். மூச்சுவிடுவதும் ஒருவகை எரிதல்தான், மெதுவான எரிதல் என்று முடிவுக்கு வந்தார்கள். கணக்குப்படி அது சரி. குளுக்கோஸைத் தீயில் போட்டாலும் செல்லுக்குள் போட்டாலும் கடைசியில் கிடைப்பது கரியமில வாயுவும் நீரும்தான்.

நடக்கும் விதம் மட்டும் முற்றிலும் வேறு. தீயில் எலக்ட்ரான்கள் ஒரே பாய்ச்சலில் ஆக்சிஜனிடம் போய்விடும், எல்லாம் வெப்பமாகிவிடும். செல் அவற்றைப் படிப்படியாக இறக்குகிறது. குளுக்கோஸ் துண்டுதுண்டாகச் சிதையும்போது எலக்ட்ரான்களை என்ஏடி என்ற சுமைதூக்கி வாங்கிக்கொள்கிறது. பி3 வைட்டமின் இல்லாமல் நாம் படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம், இந்தச் சுமைதூக்கி அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. பிறகு, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகின்றன. இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் ஆற்றலில் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கம் குவிக்கப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்வதுபோல அவை திரும்பி வரும் வழியில் ஏடிபி தயாராகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் பரிசு வந்தது.

வரிசையின் கடைசியில் நிற்பது ஆக்சிஜன். எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் வாங்கி அது நீராகிறது. ஆக, நாம் உள்ளே இழுக்கும் ஆக்சிஜன் நீராகத்தான் முடிகிறது. வெளிவிடும் கரியமில வாயுவில் இருக்கும் ஆக்சிஜன், உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. இதை முதலில் படித்தபோது எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது. சயனைடு கொல்வதும் இந்தக் கடைசிப் படியில்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும், எலக்ட்ரானை அதனிடம் சேர்க்கும் நொதி அடைபட்டுப்போவதால் பயனில்லை. எலக்ட்ரான்களின் இந்தப் பயணத்தை இலைகள் தலைகீழாகச் செய்கின்றன. ஒளியின் வலுவில் நீரிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகின்றன. அவை வெளிவிடும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்பது, கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு செய்த சோதனையில் 1941-இல் தெரியவந்தது.

மற்ற வித்தைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அணுக்களைக் கூட்டாமல் குறைக்காமல் இடம் மாற்றி அடுக்குவது ஒன்று. நுனியிலிருந்து ஒரு கார்பனைக் கரியமில வாயுவாகக் கத்தரித்துவிடுவது இன்னொன்று. மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ மூலக்கூறின் ஓர் எழுத்தான யூ-வைத் தயாரிக்கும் வழியில் அப்படி ஒரு கத்தரிப்பு உண்டு. நொதி இல்லாமல் விட்டால், வைத்த மூலக்கூறுகளில் பாதி சிதைய 7.8 கோடி ஆண்டு ஆகும் என்று ரிச்சர்ட் வொல்ஃபெண்டன் 1995-இல் கணக்கிட்டார். டைனோசர்கள் நடமாடிய காலத்தில் வைத்திருந்தால் இன்று பாதி மிச்சமிருக்கும்! நொதியின் ஒரு மூலக்கூறோ நொடிக்குச் சுமார் 40-ஐ முடித்துவிடுகிறது. வெப்பத்தை ஏற்றினாலும் வினை வேகமாகும்தான், ஆனால் அப்போது நடக்கக்கூடாத வினைகளும் சேர்ந்தே வேகமாகும். நொதி தன் பள்ளத்துக்குள் பொருந்தும் மூலக்கூறை மட்டும் பிடித்து, பாதி மாறிய நிலையில் அதற்குத் தோள்கொடுக்கிறது. ஏற வேண்டிய மேடு தாழ்ந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் உயிர் தேவையா என்ற சண்டை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுநாள் நடந்தது. நொதித்தல் உயிருள்ள செல்லால் மட்டுமே முடியும் என்றார் பாஸ்டர். எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, செல் இல்லாத சாற்றை எடுத்தார். கெட்டுப்போகாமல் இருக்கட்டுமென்று அதில் சர்க்கரை கலந்தார்கள். சாறு குமிழ் விடத் தொடங்கியது. சர்க்கரை, ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிக்கொண்டிருந்தது. 1897-இல் அதை வெளியிட்டார், 1907-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சாற்றில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. காய்ந்துபோன ரத்தக்கறையில் பெராக்சைடு பட்டாலும் அப்படித்தான், வெள்ளையாக நுரை பொங்கும்.