மத்தேராவின் குகை வீடுகள்: பாறையும் ஓதமும் சுண்ணாம்பும்

தெற்கு இத்தாலியின் மத்தேரா நகரில், சரிவான பாறையைக் குடைந்து உண்டாக்கிய பழைய வீடுகள் பல இன்று அமைதியான சிறு விடுதிகளாகிவிட்டன. இதே குகைகளில் ஒரு காலத்தில் ஏழைக் குடும்பங்கள் கழுதையோடும் கோழியோடும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. ஓதமும் நோயும் அவர்களை வாட்டின. 1952-இல் சட்டம் இயற்றி, சுமார் 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்ற அரசு முடிவெடுத்தது. 1993-இல் அதே இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஜூலை வெயில் கொளுத்தும்போதும் குகைக்குள் குளுகுளுவென்று இருக்கும். பகல் வெப்பம் பாறையில் கொஞ்ச தூரம் இறங்குவதற்குள் இரவு வந்துவிடுகிறது. சில மீட்டர் ஆழம் போனால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான வேறுபாடே பெரிதாகத் தெரியாது. ஆண்டுச் சராசரியை ஒட்டிய வெப்பநிலைதான் அங்கே நிலவும். தெருச் சத்தம் உள்ளே வராததற்கும் பாறையின் கனமே காரணம். கனமான சுவரை ஒலியலைகளால் எளிதில் அதிர வைக்க முடியாது.

சரி, அப்படியென்றால் சிக்கல் எங்கே? தண்ணீரில்தான். மத்தேராவின் கல், கடலடியில் சிப்பித் துகள்கள் படிந்து உருவான மென்மையான சுண்ணாம்புக்கல். அதன் நுண்துளைகள் வழியாக ஈரம் மேலே ஏறுகிறது, கூடவே உப்பும் கரைந்து வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு படிகமாகி, துளைகளை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. கல் பொடிப்பொடியாக உதிர்கிறது.

இதை மறைக்க சிமென்ட் பூசுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சுக்குப் பின்னால் இன்னும் உயரத்துக்கு ஏறும். கடைசியில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போது கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்புக் காரை அப்படியல்ல. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கி, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அந்தக் கல்லும் பெரும்பாலும் அதே பொருள்தான். காரையில் துளைகள் இருப்பதால் ஈரம் வெளியேறுகிறது, உப்பு கல்லுக்குப் பதில் காரையில் பூக்கிறது. காரை பழுதானால் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம். கல் போனால் போனதுதான். விடுதிச் சுவரில் லேசான உப்புக் கறை தெரிந்தால், பராமரிப்பு சரியில்லை என்று நான் சொல்லமாட்டேன். பூச்சு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

அப்புறம் காற்றோட்டம். பழைய குகைகள் பலவற்றில் காற்றும் வெளிச்சமும் வர வாசல் ஒன்றுதான் வழி. கோடையின் ஈரக்காற்று குளிர்ந்த பாறையில் பட்டால் சுவர் வியர்க்கும். ஆட்களின் மூச்சும் சமையல் ஆவியும் அதை மேலும் கூட்டும். அதனால் மறுசீரமைப்பில் காற்றை வெளியேற்றும் குழாய்களும், தரைக்கடியில் மிதமான சூடும் தேவைப்படுகின்றன. சுவரின் மேற்பரப்பு ஓரிரு டிகிரி வெதுவெதுப்பானாலே நீர் படிவது வெகுவாகக் குறையும்.