கடைமடைக்கும் தண்ணி வரணும்

“தம்பி, காலைல பதினோரு மணி ஆச்சுன்னா போன்ல கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாரி கேக்கு.” கடை நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் பாளையங்கோட்டைக் கடைக்கார அண்ணாச்சி சொன்ன புகார் இது.

மாடியில் குடோன், 24 கேமரா, ஐந்து ஐபி போன் (நெட்வொர்க் கேபிள் வழியே பேசும் போன்), கணக்கரின் கம்ப்யூட்டர். கீழே சர்வர், கேமரா ரெக்கார்டர், இன்டர்நெட். இவற்றையெல்லாம் இணைக்கும் பெட்டியான மாடி ஸ்விட்சிலிருந்து கீழே இறங்குவது ஒரே ஒரு பழைய கேபிள்; வேகம் விநாடிக்கு 100 மெகாபிட். ஒரு கேமராவுக்கு 4 மெகாபிட் என்றால் கேமராக்களே 96 மெகாபிட்டை விழுங்கிவிடும். பதினோரு மணிக்குக் கணக்கர் சர்வருக்கு ஃபைல்களை காப்பி போடுவார். கேபிள் நிரம்பிவிடும்.

நிரம்பினால் என்ன ஆகும்? கேபிளில் எல்லாமே பாக்கெட் எனும் சிறு பொட்டலங்களாகத்தான் போகும். போன் குரலை 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட்டாக, விநாடிக்கு 50 பாக்கெட் அனுப்புகிறது. 1500 பைட் பாக்கெட் ஒன்று 100 மெகாபிட் கேபிளில் இறங்க 0.12 மில்லி விநாடி ஆகும். முன்னால் 500 பெரிய பாக்கெட் நின்றால் குரல் 60 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அடுத்ததற்கு முன்னால் 50 தான் நின்றால் 6. இந்த ஏற்ற இறக்கமும், இடமில்லாமல் ஸ்விட்ச் கொட்டிவிடும் பாக்கெட்டுகளும்தான் அண்ணாச்சி சொன்ன கிணற்றுச் சத்தம். ஒரு போன் காலுக்கு விநாடிக்கு 90 கிலோபிட் போதும்; ஐந்தும் சேர்ந்தாலும் அரை மெகாபிட்டைத் தொடாது. குரலுக்கு வேண்டியது அகலமான வழி இல்லை, காத்திருக்காத வழி.

மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது நாம் விதி போடக்கூடிய ஸ்விட்ச், ஒவ்வொரு போர்ட்டின் (கேபிள் செருகும் வாயின்) வெளிவாசலிலும் நான்கோ எட்டோ தனித்தனி வரிசை வைத்திருக்கும். எது எந்த வரிசை என்பதை பாக்கெட்டில் உள்ள முத்திரை சொல்லும். விஎல்ஏஎன் டேக்கில் (ஒரே ஸ்விட்சுக்குள் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்க பாக்கெட்டில் ஒட்டும் சீட்டு) 3 பிட், அதாவது 0 முதல் 7 வரை; பொதுவாக எண் பெரிதானால் அவசரமும் பெரிது. ஐபி தலைப்பில் (பாக்கெட்டின் முகப்பில் முகவரி இருக்கும் பகுதி) 6 பிட், அதாவது 64 மதிப்புகள். இதில் குரலுக்கு வழக்கமாக 46. டேக்கில் ஒரு கோணல் உண்டு: 1 என்பது 0-வைவிடத் தாழ்ந்தது. சாதாரணப் பாக்கெட்டுக்கு 0. 1 என்றால் ‘அவசரமே இல்லை, மெல்லப் போ’. எந்த போர்ட்டின் முத்திரையை நம்புவது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். போன் போர்ட்டை நம்பலாம். கம்ப்யூட்டர் போர்ட்டை நம்பினால் எந்த புரோகிராம் வேண்டுமானாலும் தனக்கே 46 குத்திக்கொள்ளும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். குரல் முதலில், கேமரா இரண்டாவது, மற்றதெல்லாம் கடைசி என்று போட்டு, எல்லாவற்றுக்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ கொடுத்தேன். மேல் வரிசை காலியானால்தான் கீழ் வரிசை நகரும். குரல் தெளிந்தது, கணக்கரின் கம்ப்யூட்டர் செத்தது. பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் பாளையங்கால் வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? மேல்மடைக்காரர் அடைக்காமல் பாய்ச்சினால் கடைமடை காயும். (போன் காலைச் சரிசெய்யப் போனவன் தண்ணீர்க் காலை மறந்துவிட்டேன்.)

மாற்றினேன். ஸ்ட்ரிக்ட் குரலுக்கு மட்டும். அது அரை மெகாபிட் ஆசாமி, யாரையும் பட்டினி போடாது. மற்ற இரண்டுக்கும் முறைத்தண்ணீர்: கேமரா வரிசையிலிருந்து 4 பாக்கெட், அடுத்ததிலிருந்து 2, மறுபடி 4. இதன் பெயர் வெயிட்டட் ரவுண்ட் ராபின். ஒருவருக்குத் தண்ணீர் வேண்டாமென்றால் அவர் முறை வீணாகாது, அடுத்தவருக்குப் போகும். இறங்கிக்கொண்டிருக்கும் பாக்கெட்டை மட்டும் பாதியில் நிறுத்த முடியாது. அதனால் குரலும் அதற்காக அதிகபட்சம் அந்த 0.12 மில்லி விநாடி பொறுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் வரிசை கேபிளை அகலமாக்காது. மறுநாள் பதினொன்றுக்கு ஸ்விட்சின் டிராப் கணக்கை, அதாவது எந்த வரிசையில் எத்தனை பாக்கெட் கொட்டியது என்ற கணக்கை, திறந்தேன். குரல் 0, கேமரா வரிசையில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கேமராவையும் 2 மெகாபிட்டுக்கு இறக்கினேன், மொத்தம் 48. எண் நின்றது.

“முகம் தெரியுமாடே?” என்றார் அண்ணாச்சி, திரையை உற்றுப் பார்த்தபடி.


“தெரியும் அண்ணாச்சி. மூக்குத்தி தெரியாது.”