கார்த்திகைக்கு வடக்கே ஒரு மங்கலான நட்சத்திரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடையில் 500 ரூபாய்த் தாளை நீட்டினால், கல்லாவில் இருப்பவர் அதை ஊதா விளக்கடியில் ஒரு நொடி பிடிப்பார். தாளுக்குள் சிதறிக் கிடக்கும் இழைகள் பளிச்சென்று ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, அவை வேறு நிறத்தில் திருப்பித் தருகின்றன. விண்வெளி மேகங்களும் இதையே செய்கின்றன.

நட்சத்திரங்கள் பிறக்கும் அந்த மேகங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறுதான். ஆனால் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்தது அது. மின்னூட்டம் இருபக்கமும் சமம். அதனால் குளிரில் ரேடியோ தொலைநோக்கிக்கு அது அகப்படாது. சரி என்று, கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடைத் தேடி, அதை வைத்து ஹைட்ரஜனைக் கணக்குப் போடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு குறைந்த மேகம் இதில் தப்பிவிடும்.

புற ஊதாவில் ஹைட்ரஜனால் ஒளிய முடியாது. 91 முதல் 111 நானோமீட்டர் வரையிலான ஒளியில் சில குறிப்பிட்ட அலைநீளங்களை அது விழுங்கும். பின்னால் இருக்கும் நட்சத்திரத்தின் நிறமாலையில் அந்த இடங்கள் மட்டும் கருத்திருக்கும். இந்த ஒளியைக் காற்று மேலேயே தடுத்துவிடுவதால், சேர்வராயன் உச்சிக்கே ஏறினாலும் பயனில்லை. 1970 மார்ச்சில் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் கரூதர்ஸ் ராக்கெட்டில் கருவியை அனுப்பித்தான் விண்வெளியில் ஹைட்ரஜன் மூலக்கூறை முதன்முதலில் கண்டுபிடித்தார். நிலாவில் அப்பல்லோ 16 வைத்த புற ஊதா கேமராவும் அவர் வடிவமைத்ததே.

அவர் குறிவைத்தது க்ஸை பெர்ஸி என்ற நட்சத்திரம். மார்கழி இரவில், பனிமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, ஏற்காட்டில் சேலத்து விளக்குகள் மறையும் இடத்தில் நில்லுங்கள். பத்து மணிவாக்கில் கார்த்திகை உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால், கார்த்திகையிலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமாக வடக்கே மங்கலாக ஒன்று தெரியும். அதுதான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம், ரூபாய்த் தாள் விஷயம். ஒளியை விழுங்கிய மூலக்கூறுகள் பெரும்பாலும் அதைச் சற்று நீண்ட அலைநீளத்தில், புற ஊதாவாகவே உமிழ்கின்றன. 2003இல் ஏவப்பட்ட கொரியச் செயற்கைக்கோள் ஒன்று அந்த ஒளிர்வைப் பதிவு செய்திருந்தது. அதில் ஒரு பெரிய மேகம் இருப்பதை 2025இல் அறிவித்தார்கள்; பெயர் ஈயோஸ். தூரம் சுமார் 300 ஒளியாண்டுதான். வானில் 40 முழுநிலா அகலம். கண்ணெதிரே இருந்தும் இத்தனை நாள் தப்பியதற்குக் காரணம், அதில் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு.

விழுங்கும் மூலக்கூறுகளில் சில ஒளியைத் திருப்பித் தராமல் உடைந்தும் போகின்றன. ஈயோஸைக் காட்டிக்கொடுத்த அதே புற ஊதாதான் அதைக் கரைத்துக்கொண்டும் இருக்கிறது. இன்னும் சுமார் 60 லட்சம் ஆண்டுகள் தாங்கும் என்கிறார்கள்.