கண் வ்யூஃபைண்டரில், கால் எங்கே?

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவுக்கு நிலக்காட்சிப் படம் எடுக்க வருகிறவர்கள் கிளம்பும் முன் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த லென்ஸ் கொண்டு வரலாம்? ட்ரைபாட் கார்பனா, அலுமினியமா? வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்)? கேட்க வேண்டியவைதான். ஆனால் குழுக்களை அழைத்துப் போவதே தொழிலாகிவிட்ட நான் எதிர்பார்க்கும் கேள்வி, "எந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வரட்டும்?" என்பது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளையான வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்ததுமே காலைப் பற்றிய நினைப்பு போய்விடுகிறது. மலை, ஏரி, மழைக்காடு என்று சுற்றும் பயணத்தில் நமக்கு நேரும் ஆபத்தும், நம்மால் அந்த இடத்துக்கு நேரும் கேடும் பெரும்பாலும் அந்த மறதியில்தான் தொடங்குகின்றன.

இந்தத் தீவை இத்தனை பேர் தேடி வருவதில் வியப்பில்லை. டாஸ்மேனியக் காட்டுப்பகுதி 1982இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்று தீவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதற்குள் வருகிறது. 1,545 மீட்டர் உயரமுள்ள கிரேடில் மலை, அதன் அடிவாரத்தில் டவ் ஏரி, தெற்கே ஆஸ்திரேலியாவிலேயே ஆழமான செயின்ட் கிளேர் ஏரி, மேற்கே மர்ட்டில் மரங்கள் அடர்ந்த குளிர்ப்பிரதேச மழைக்காடு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை ஃபேகஸ் இலைகள் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்து உதிரும். குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் ஆஸ்திரேலியச் சொந்த மரம் அது ஒன்றுதான். அந்தச் சில வாரங்களில் ஏரிக்கரையில் ட்ரைபாட் வைக்க இடம் கிடைப்பதே கஷ்டம்.

டவ் ஏரியின் படகுக் கொட்டகையைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. 1940இல் கட்டிய சின்ன மரக்கொட்டகை, அதற்குப் பின்னால் நீரில் தலைகீழாகத் தெரியும் மலை. காற்று எழும்புவதற்கு முன், விடியலை ஒட்டிய கொஞ்ச நேரம்தான் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அதற்காக இருட்டிலேயே போய் நிற்கிறோம். கரையெல்லாம் ஈரக் கூழாங்கல். சில நாள் அதன்மேல் கண்ணுக்கே தெரியாத பனிப்படலம் வேறு இருக்கும். என் குழுவில் ஒரு விதி உண்டு: நடக்கும்போது ஃப்ரேம் பார்க்கக் கூடாது, ஃப்ரேம் பார்க்கும்போது நடக்கக் கூடாது. ஓர் அடி பின்னால் போக வேண்டுமா? கண்ணை எடுத்துவிட்டுக் காலைப் பாருங்கள், நகருங்கள், அப்புறம் கண்ணை வையுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் வானம் சிவக்கிற நேரத்தில் அனுபவசாலிகளும் இதை மறந்துவிடுகிறார்கள்.

குளிர் இதைவிடப் பொல்லாதது. மலை ஏறுகிறவருக்கு நடந்துகொண்டே இருப்பதால் உடம்பு சூடாகவே இருக்கும். நாமோ மூட்டை சுமந்து வியர்க்க வியர்க்க ஏறுகிறோம், மேலே போனதும் ஒரு மணி நேரம் சிலை மாதிரி நிற்கிறோம். உள்ளே பருத்திச் சட்டை இருந்தால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பின் சூட்டையெல்லாம் இழுத்துவிடும். கம்பளி அல்லது சீக்கிரம் காயும் செயற்கை இழை உடைகள்தான் சரி. கோடைதானே என்ற சமாதானமும் இங்கே செல்லாது. இந்த மலைகளில் எந்த மாதத்திலும் பனி விழலாம்.

ஒரு விடியற்காலை, குழுவில் ஒருவர் ஃபில்டர் பையின் ஜிப்பைத் திறக்க முடியாமல் தடவிக்கொண்டே இருந்தார். போதும், கிளம்பலாம் என்றேன். "சார், இன்னும் ரெண்டே ரெண்டு ஷாட்" என்றார். சொல்லும்போதே நாக்கு குழறியது. ஜிப்பில் தடுமாறும் விரல், குழறும் பேச்சு, கேட்ட கேள்விக்குத் தாமதமாக வரும் பதில், தள்ளாடும் நடை: உடல் வெப்பம் அபாயமாக இறங்கத் தொடங்கியதற்கு இவையே அடையாளம். சம்பந்தப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். அதனால் அவரிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து, நனைந்த சட்டையைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டுவிட்டு, தலையையும் கழுத்தையும் மூடி, சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். மெல்ல மெல்லப் பேச்சு தெளிந்தது. இதில் ஒன்றை மட்டும் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் விடாத நிலையில் ஒருவருக்கு நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று பொருள் இல்லை. நிலைமை முற்றுகிறது, உடனே மருத்துவ உதவி வேண்டும். அவசர எண் 000. ஆனால் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குத் தகவல் அனுப்பும் பீக்கன் கருவி வழிகாட்டியின் பையில் இருந்தே ஆக வேண்டும்.

இதுவரை சொன்னது நமக்கு வரும் ஆபத்து. இனி நம் காலால் வரும் கேடு.

மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே போனால் பச்சைப் பாறைகள் மாதிரி சில மேடுகள் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அவை செடிகள். குஷன் செடி என்பார்கள். நுனிகள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் நெருங்கி, மேற்பரப்பு இறுகிப் போயிருக்கும். ஒரே மெத்தையில் வெவ்வேறு இனங்கள் சேர்ந்து வளர்வதால் வெளிர்பச்சை, கரும்பச்சை, சாம்பல்பச்சை என்று திட்டுத்திட்டாகத் தெரியும். படத்தின் முன்புறத்துக்கு இதைவிட அழகான பொருள் கிடைக்காது. ஏறி நின்றால் தாங்கும் போலவும் இருக்கும். சிக்கலே அங்கேதான். அவை மிக மிக மெதுவாக வளர்பவை. நாம் மிதித்த ஒரு தடம் பல ஆண்டுகள் மாறாமல் கிடக்கும். அடுத்து வருகிறவர் அந்தத் தடத்தைப் பார்த்து இதுதான் வழி என்று நினைத்துக்கொள்வார். வைட் லென்ஸோடு இன்னும் ஓரடி கிட்டப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. பாறைமேல் நின்றபடியே 50 அல்லது 70 மில்லிமீட்டர் லென்ஸுக்கு மாறிப் பாருங்கள். அந்தத் திட்டுகளின் வடிவம் இன்னும் அழுத்தமாகவே வரும்.

மழைக்காட்டில் வேறு கதை. அங்கே பாசியும் மர வேர்களும்தான் தரை. அதனால்தான் பல பாதைகளில் மரப்பலகை நடைமேடை போட்டிருக்கிறார்கள். மவுன்ட் ஃபீல்டின் ரசல் அருவி, லயல் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கும் நெல்சன் அருவி இரண்டிலுமே கடைசியில் ஒரு பார்வை மேடைதான். அந்த மேடையிலிருந்து நல்ல படம் வராது என்று சிலர் வேலி தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. தாண்டினால் அன்றைக்கு அவருக்கு வகுப்பு முடிந்தது.

மேடையிலிருந்தே எடுக்க முடியும், அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும், அவ்வளவுதான். பலகை நடைமேடையில் யார் அடி எடுத்து வைத்தாலும் ட்ரைபாட் அதிரும். அரை விநாடி ஷட்டர் திறந்திருக்கும்போது பின்னால் ஒருவர் நகர்ந்தால் படம் போச்சு. ஆகவே குழுவாக நிற்கையில் "திறக்கிறேன்" என்று ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர்கள் அப்படியே நிற்போம். ட்ரைபாட் கால் பலகை இடுக்கில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் குடும்பத்துக்கு வழி விட வேண்டும், அவர்களும் அந்த அருவியைப் பார்க்க வந்தவர்கள்தான். மேகமூட்டமும் தூறலும் இருந்தால் சந்தோஷப்படுங்கள். வெயில் நாளில் மழைக்காடு வெள்ளையும் கறுப்புமாகச் சிதறிவிடும். போலரைசர் என்ற ஃபில்டர் நனைந்த இலைகளின் பளபளப்பை எடுத்துவிட்டு உள்ளிருக்கும் பச்சையைக் கொண்டுவரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும் என்பதையும் கணக்கில் சேருங்கள். முழுக்கத் திருகிவிடாமல் பாதியில் நிறுத்தினால் ஈரம் கொஞ்சம் மிஞ்சும். எனக்கு அதுதான் பிடிக்கும், மழைக்காடு காய்ந்து தெரிந்தால் அது எப்படி மழைக்காடு? ஓடைத் தண்ணீர் தேயிலை நிறத்தில் இருப்பதைப் பார்த்து கேமராவின் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பட்டன்கிராஸ் புல்வெளிகளின் கரியமண்ணிலிருந்து ஊறிவரும் டானின் என்ற பழுப்பு நிறப் பொருள் அது. நீலமாக்க வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத கேடு பூட்ஸ் அடியில் ஒட்டிய சேற்றில் வருகிறது. ஃபைட்டோஃப்தோரா சினமோமி என்ற நுண்ணுயிர் மண்ணில் வாழ்ந்து செடிகளின் வேரை அழுகச் செய்யும். தாழ்நிலப் புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் அது புகுந்துவிட்டால் விரட்ட வழியில்லை. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் ஈரம் வழியாக நீர்நிலை விட்டு நீர்நிலை தாவும். பாதை தொடங்கும் இடத்தில் பூட்ஸ் கழுவும் தூரிகையும் மருந்தும் வைத்திருந்தால் அதை அலங்காரமாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். நம்மவர்கள் பூட்ஸைக் கழுவினாலும் ட்ரைபாட் காலை மறந்துவிடுவார்கள். ஓடையில் இறக்கியதும் சேற்றில் குத்தியதும் அதுதானே. கீழ்ப்பூட்டைத் தளர்த்தி உள்குழாயையும் துடைத்துக் காயவைக்க வேண்டும்.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பென்சில் பைன், தீப்பட்டால் பெரும்பாலும் திரும்பத் தளிர்ப்பதில்லை. 2016 ஜனவரியில் மின்னல் மூட்டிய தீயில் மத்தியப் பீடபூமியில் அப்படிப்பட்ட மரங்கள் கூட்டமாகச் செத்தன. விறகு மூட்டி டீ போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் அந்த வெளுத்த மரங்கள்தான்.

புகைப்படக்காரர்களுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு சாதாரணமானதில்லை. ஒலேகஸ் ட்ருச்சானஸ் என்ற லிதுவேனியக் குடியேறி பெடர் ஏரியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து ஊர் ஊராகத் திரையிட்டுக் காட்டினார். 1967 காட்டுத்தீயில் வீட்டோடு அவருடைய ஸ்லைடுகளும் எரிந்தன. மறுபடி எடுக்கக் கிளம்பியவர் 1972இல் கார்டன் ஆற்றில் உயிரிழந்தார். அதே ஆண்டு பெடர் ஏரியும் அணைத் தண்ணீரில் மூழ்கியது. அவரிடம் பாடம் பெற்ற பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த, பனிமூட்டத்தில் ஃபிராங்க்ளின் ஆறு வளையும் படம் 1983 தேர்தலின்போது நாளிதழ்களில் பெரிதாக வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அந்த ஆற்றை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டம் நின்றது. அந்த ஆறு இன்றும் ஓடுகிறது. படத்துக்கு அவ்வளவு பலம் உண்டு. அதே பலம் இப்போது எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. பாதை இல்லாத ஒரு குளத்தைப் படமெடுத்து இருப்பிடக் குறியோடு போட்டால் அடுத்த பருவத்திலேயே அங்கே ஒரு சேற்றுத்தடம் உருவாகிவிடும். பாதை போட்ட இடங்களின் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு "மேற்கு டாஸ்மேனியா" என்று மட்டும் போட்டாலே போதும்.

சாலையும் கணக்கில் உண்டு. நமக்கு வேண்டிய வெளிச்சம் விடியலிலும் அந்தியிலும். வாம்பட், வாலபி போன்ற காட்டு விலங்குகள் சாலைக்கு வருவதும் அதே நேரத்தில்தான். இருட்டில் மணிக்கு 65 கிலோமீட்டருக்குக் குறையுங்கள் என்று சொல்லும் பலகைகள் வைத்திருக்கிறார்கள். சூரிய உதயத்துக்கு நேரமாகிவிட்டது என்று மிதித்து ஓட்டும் வழிகாட்டியோடு போகாதீர்கள்.

சரி, வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவருடைய படங்கள் அழகாக இருப்பது மட்டும் போதாது. தேசியப் பூங்காவில் கட்டணம் வாங்கிக் குழு நடத்துவதற்கான உரிமம் இருக்கிறதா, காட்டுப்பகுதி முதலுதவிப் பயிற்சி பெற்றவரா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், வானிலை கெட்டால் மாற்றுத் திட்டம் என்ன என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். "மழை வந்தாலும் மலைக்குப் போய்விடுவோம்" என்று உற்சாகமாகச் சொல்கிறவரைவிட, "மழை வந்தால் மலையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போவோம்" என்கிறவரை நம்பலாம். ட்ரோன் பறக்கவிடலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். பூங்காக்களில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. யாருக்குத் தெரியப்போகிறது என்று கண்ணடிக்கிறவர் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருப்பார்.

பூட்ஸ் கணுக்காலை மூடுவதாக, ஈரப்பாறையில் பிடிப்பதாக இருக்கட்டும். புதிதாக வாங்கினால் ஊரிலேயே சில வாரம் போட்டு நடந்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் முதல் ஏற்றத்திலேயே குதிகாலில் கொப்புளம் வரும். அப்படி நடந்ததில் ஒட்டிய மண்ணைப் பெட்டியில் வைக்கும் முன் பல்துலக்கும் பிரஷ் வைத்துப் பள்ளம் பள்ளமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ட்ரைபாட் காலுக்கும் இதே வேலைதான். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது மண் பட்ட காலணியைப் பற்றிப் படிவத்தில் கேட்பார்கள். சந்தேகம் இருந்தால் "ஆம்" என்றே குறித்து, அதிகாரியிடம் எடுத்துக் காட்டிவிடுங்கள்.