அலிபிரிக்குப் பழகிய கால்கள்: திருப்பதி பாதயாத்திரையில் வழி மாறும்போது

ஆவணி பிறந்தால் என் கிளினிக்கில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "டாக்டரம்மா, இந்த வருஷம் நான் நடக்கலாமா?" சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பாதயாத்திரை கிளம்பும் குழுக்கள் பல, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகத்தான் போகும். அந்தச் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் பதினாறு வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். புரட்டாசிக்கு முன்னால் கேள்வியோடு வருகிறவர்களில் சிலர், புரட்டாசி முடிந்ததும் வலியோடு வருவார்கள்.

நடக்கலாமா என்று கேட்பவரிடம் நான் கேட்பது, எந்த வழியில் என்று. "எப்பவும் போற வழிதாம்மா" என்பார்கள். அந்த 'எப்பவும் போற வழி'யைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வழி அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் உடம்பைத் தயார் செய்கிறோம், பையைக் கட்டுகிறோம், லீவு போடுகிறோம். வழி அப்படியே இருப்பதில்லை.

2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் அலிபிரியிலிருந்து கோயிலுக்கு ஏறும் நடைபாதை மராமத்துக்காக ஜூனில் மூடப்பட்டது. அக்டோபரில்தான் திறந்தார்கள். அதுவரை நடந்து ஏற நினைத்தவர்களுக்கு இன்னொரு படிப்பாதையான ஸ்ரீவாரி மெட்டுதான் வழி. அலிபிரி திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் மழை ஸ்ரீவாரி மெட்டைப் பெயர்த்துப் போட்டது. அது மறுபடி திறந்தது 2022 மே மாதம். நடுவில் டிசம்பர் 1 அன்று மேலே ஏறும் மலைச்சாலையில் பாறைகள் உருண்டு விழுந்து, பஸ் போக்குவரத்தும் மாற்றிவிடப்பட்டது. ஒரே வருடத்தில் இரண்டு நடைபாதைகளும் ஒரு சாலையும்!

இரண்டும் ஒரே மலைக்குத்தானே போகின்றன, எதில் ஏறினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முழங்காலுக்கு அது ஒன்றல்ல. அலிபிரியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 3,550 படிகள். சராசரி பார்த்தால் இரண்டரை மீட்டருக்கு ஒரு படி. வழியில் நிற்கும் காலி கோபுரம் என்ற கோபுரம் வரை செங்குத்து, அதற்குப் பிறகு வெகுதூரம் சமதளம், மான் பூங்கா தாண்டி சாலையோரம் கொஞ்சம் நடை, கடைசியில் முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்துப் படிகள். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, உடம்பு தெரிந்தவர். ஆனால் அதற்கு முன்னால் தொடைத் தசை ஓய்ந்து ஆற நேரம் கிடைத்துவிடுகிறது. ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வெறும் 2.1 கிலோமீட்டர், 2,388 படிகள். ஒரு மீட்டருக்கு ஒரு படிக்கும் மேல். நடுவில் ஆற இடமே இல்லை. தூரம் கம்மி என்று கேள்விப்பட்டு 'அப்போ சுலபம்' என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் என் கட்டிலில் வந்து படுக்கிறார்கள்.

ஏறும்போது படுத்துவது மூச்சு. இறங்கும்போதுதான் முழங்கால். இறங்கும் ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்புறத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. மூட்டுச் சிப்பியின் மேல் விழும் அழுத்தம் சமதள நடையில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அந்த வலி அன்றைக்கே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாதபோதுதான் தெரியும். அதனால் என்னிடம் வரும் எல்லோருக்கும் நான் கெஞ்சிச் சொல்வது, இறங்கும்போது பஸ்ஸில் வாருங்கள். நேர்ந்துகொண்டது ஏறுவதற்குத்தான்.

மலைக்கு முன்னால் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சாலை இருக்கிறதே, அதுவும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் என்று போகும் தேசிய நெடுஞ்சாலையில் அகலப்படுத்தும் வேலை, பாலம் வேலை என்று ஏதாவது ஒரு இடத்தில் தடுப்பு இருக்கும். போன வருடம் நிழலாக இருந்த புளியமர வரிசை இந்த வருடம் இருக்காது. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகப் போகும் குழுக்களுக்கு வேறு கவலை. பிச்சாட்டூர் ஏரியைத் திறந்தால் ஆரணியாறு பெருகும். ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கி, போக்குவரத்து நின்ற மழைக்காலங்கள் பல. பூண்டியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலையாற்றின் தரைப்பாலங்களுக்கும் அதே கதி. புரட்டாசியில் மாலை இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் புயல். முழங்கால் அளவுதானே என்று ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். தரைப்பாலத்தின் விளிம்பு எங்கே என்று கலங்கலில் தெரியாது, இழுப்பு காலை வாரிய பிறகு யோசிக்க நேரமிருக்காது.

சுற்றிப் போவது என்றால் எவ்வளவு? 'ஆறு கிலோமீட்டர்தானே' என்று குழுவில் யாராவது சொல்வார். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,300, 1,400 அடிகள் வைக்கிறோம். ஆறு கிலோமீட்டர் என்றால் எட்டாயிரம் அடிகள், ஒன்றரை மணி நேரம். அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். காலை ஐந்து மணிக்கு என்றால் ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாள் பகல் பதினொன்றரைக்கு, நனைந்த சாக்ஸோடு, தார் கொதிக்கும்போது வந்தால் அந்த எட்டாயிரத்தில்தான் கொப்புளம் உடைகிறது. கொப்புளத்துக்குப் பயந்து பாதத்தைச் சாய்த்து வைப்பார்கள். சாய்த்து வைத்தால் முழங்கால் கோணும், அடுத்து இடுப்பு. வலி இடுப்பில் என்று வருவார்கள். ஆரம்பித்த இடம் நனைந்த சாக்ஸ்.

சாலைச் சரிவும் ஒரு காரணம். நம் சாலைகள் மழைத்தண்ணீர் வடிய ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக நடப்பதுதான் பாதுகாப்பு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நான்கு நாள் ஒரே ஓரத்தில் நடந்தால் ஓரத்துக் கால் எப்போதும் பள்ளத்தில், மற்றது மேட்டில். அதனால் மண் ஓரம் சமமாக, காய்ந்து கிடக்கும் இடங்களில் தாரை விட்டு இறங்கி நடங்கள். சரிவுக்காக நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம்.

2023 புரட்டாசியில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆகஸ்டில் அலிபிரி பாதையில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று சிறுத்தைக்குப் பலியானது. அதன் பிறகு 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் காலை 5 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் ஏறலாம் என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு வைத்தது. பெரியவர்களும் கும்பலாகத்தான் போக வேண்டும் என்றார்கள், கையில் கம்பு கொடுத்தார்கள். என்னிடம் வரும் அம்பத்தூர்க்காரர் ஒருவர், 61 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. சாலை முழுவதும் நடந்து வந்தார். மகளும் பன்னிரண்டு வயதுப் பேரனும் ரயிலில் வந்து அலிபிரியில் சேர்ந்துகொண்டு கூட ஏறுவதாக ஏற்பாடு. புத்தூரில் மழை பிடித்துக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் ஒதுங்கி, மறுநாள் தாமதமாகக் கிளம்பி, அலிபிரி வரும்போது மணி மூன்று.

"பையனை விட மாட்டேன்னுட்டாங்க டாக்டரம்மா. சரி, நீங்க பஸ்ல வாங்கன்னேன். பை கனமா இருக்கு, பஸ்ஸுலதானே போறாங்கன்னு அதையும் கொடுத்தனுப்பிட்டேன்."

அந்தப் பைக்குள்தான் அவருடைய மாத்திரை, பிஸ்கட், குளுக்கோஸ், காய்ந்த சாக்ஸ் எல்லாம். மதியம் மாத்திரை போட்டிருக்கிறார், சரியாகச் சாப்பிடவில்லை. காலி கோபுரத்துக்குக் கீழே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்ததால் எழுந்து உட்கார்ந்தார். இதையெல்லாம் சொல்ல அவர் என்னிடம் வரவில்லை. வந்தது முழங்கால் வலிக்கு. பேச்சுவாக்கில் வெளியே வந்தது. கேட்டுவிட்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கட்டுப்பாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அது பிள்ளைகளின் உயிருக்காக வைத்தது. நாம்தான் ஐந்து நிமிடத்தில், களைப்பில், வரிசையில் நின்றபடி முடிவெடுக்கிறோம். வழி மாறும்போது கூடவே குழு பிரிகிறது, பை பிரிகிறது, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறது. ஆகவே மாத்திரை, இனிப்பு, ஒரு பாட்டில் உப்புச்சர்க்கரைக் கரைசல், போன், வீட்டு நம்பர் எழுதிய தாள், இவை இடுப்புப் பையில், உங்கள் உடம்போடு இருக்கட்டும். யார் எந்த வண்டியில் ஏறினாலும் அந்தப் பையை மட்டும் கழற்றக் கூடாது. நேரக் கட்டுப்பாடு அவ்வப்போது மாறுகிறது. கிளம்பும் வாரமும், பிறகு புத்தூரில் இருக்கும்போதும் தேவஸ்தானத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். ஸ்ரீவாரி மெட்டில் மாலை 6 மணிக்கு மேல் ஏற விடுவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அந்தக் கம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுத்தைக்காகக் கொடுத்தது, முழங்காலுக்கும் உதவும். வலது முழங்கால் வலித்தால் கம்பு இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற காலும் எதிர்ப்பக்கக் கம்பும் ஒன்றாக ஊன்றினால்தான் சுமை குறையும். பத்துப் பேரில் ஒன்பது பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள்.

மாற்று வழியை எங்கே யோசிப்பது? என் அனுபவத்தில் அதற்குச் சரியான இடம் திருத்தணி. பாதித் தூரம் தாண்டியிருக்கும். இன்னும் தமிழ்நாட்டு எல்லைக்குள்தான் இருப்பீர்கள். சென்னைக்குத் திரும்ப ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. முருகன் கோயிலுக்கு 365 படிகளும் இருக்கின்றன. ஏறிக் கும்பிட்டுவிட்டு நடந்தே இறங்குங்கள். அந்த இறக்கத்தில் முழங்கால் குத்தினாலோ, ஒரு பக்கமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தாலோ, ஸ்ரீவாரி மெட்டு உங்களுக்கு இல்லை என்று அங்கேயே குழுவிடம் சொல்லிவிடுங்கள். அலிபிரி மூடியிருந்தால் நீங்கள் பஸ். இதை திருத்தணியில் சொல்வது சுலபம். அடிவாரத்தில் 'கோவிந்தா' கோஷத்துக்கு நடுவில் நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது. குழுவில் இப்படிச் சொல்கிறவரைக் கேலி செய்யாமல் இருப்பது தலைவரின் பொறுப்பு. மழை, தடுப்பு, தாமதம் எது வந்தாலும் 'இன்று இதோடு நிறுத்துகிறோம்' என்று சொல்லும் அதிகாரமும் ஒருவரிடம் இருக்கட்டும். எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்றால், அதிகத் தெம்புள்ளவர் சொல்வதே முடிவாகிவிடும்.

வெறுங்காலோடு நடக்க நேர்ந்துகொண்டவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் சர்க்கரை இருந்தால், கிளம்புமுன் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனைதான், ஐந்து நிமிடம் ஆகும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தார் சுடுவது தெரியாது. வழி மாறி நிழலில்லாத சாலைக்குப் போனாலும் அது எச்சரிக்காது. அப்படிப்பட்டவர்கள் சாலையில் செருப்போடு நடந்து, மலைப்படியில் மட்டும் கழற்றுவதாகப் பெருமாளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பி வந்தபின் இரண்டு கெண்டைக்காலும் வலித்தால் நான்கைந்து நாளில் சரியாகிவிடும். ஒரே கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் என்னிடம் வர வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். வழியில் யாராவது மயங்கினால் 108, நெடுஞ்சாலையில் விபத்தென்றால் 1033. நகரி தாண்டினாலும் இவை வேலை செய்யும்.

அம்பத்தூர்க்காரர் இப்போது ஆடி முடியும்போதே வந்துவிடுகிறார். அடுக்குமாடிப் படிகளில் ஏறுவதற்குச் சமமாக இறங்குவதையும் பழகுகிறார், ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். நீங்கள் வருவதாக இருந்தாலும் அந்த ஆறு வாரத்தைக் கணக்குப் பண்ணி வாருங்கள். வரும்போது நடக்கப்போகும் ஷூவையோ செருப்பையோ எடுத்து வாருங்கள். புதிதாக வாங்கியது வேண்டாம், பழசு. அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.