சொந்த மண்ணில் தலையெடுக்காத செடிகள்

ஒரு புல்வெளியில் கொஞ்ச நேரம் குனிந்து நடந்து பாருங்கள். ஒரே வகைப் புல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை படர்ந்து கிடக்கும். இன்னொரு செடியைத் தேடினால் ஒன்றிரண்டுதான் அகப்படும், அதுவும் ஒன்று இங்கே, ஒன்று எங்கோ. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே மழை. அப்புறம் ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? விதை குறைவு, வளர்ச்சி மந்தம், ஏதோ விலங்கு மேய்ந்துவிட்டது என்று நிலத்துக்கு மேலேயே காரணம் தேடிப் பழகிவிட்டோம்.

கனடாவில் ஜான் கிளிரோனோமோஸ் என்ற ஆய்வாளர் நிலத்துக்குக் கீழே தேடினார். அவர் செய்தது தொட்டியும் மண்ணும் இருந்தால் போதும் என்கிற மாதிரியான சோதனைதான். ஒரு செடியைத் தொட்டியில் வளர்த்து, அந்த மண் அதன் வேருக்குப் பழகும்படி விடுவது. பிறகு அதே இனத்தின் புது நாற்றுகளை எடுத்து, சிலவற்றை அந்தப் பழகிய மண்ணிலும், மற்றவற்றை வேறு இனங்கள் வளர்ந்த மண்ணிலும் நட்டு, எது நன்றாக வருகிறது என்று பார்ப்பது. வயலில் அரிதாக இருந்த செடிகள் தங்கள் சொந்த மண்ணில்தான் மோசமாக வளர்ந்தன. எங்கும் பரவி ஆக்கிரமிக்கும் செடிகளுக்கோ சொந்த மண்ணால் ஒரு குறையும் இல்லை. சில இன்னும் செழித்தன. ஒரே வயலில் வாழும் 61 இனங்களை இப்படிச் சோதித்து, முடிவை 2002-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். சொந்த மண்ணில் ஒரு செடி எவ்வளவு நலிகிறதோ, வயலில் அது அவ்வளவு அரிது.

பழகிய மண்ணில் அப்படி என்ன இருக்கிறது? வேர் சும்மா இருப்பதில்லை. சர்க்கரையும் அமிலங்களும் கசிந்தபடியே இருக்கும். அந்த வாசனைக்கு நண்பர்களும் வருவார்கள், எதிரிகளும் வருவார்கள். நண்பர்களில் முக்கியமானவை வேர்ப்பூஞ்சைகள். இவற்றின் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. வேர் தன்னைச் சுற்றியுள்ள பாஸ்பரஸை உறிஞ்சித் தீர்த்த பிறகும், எட்டாத இடுக்குகளில் புகுந்து கொண்டுவந்து சேர்க்கும். கூலியாகச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். எதிரிகள் பக்கம் நோய்ப் பூஞ்சைகள், நூற்புழுக்கள், பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள். இந்த இரு தரப்புக் கணக்கும் கூட்டிக் கழித்து எங்கே நிற்கிறது என்பதைத்தான் ‘மண்ணின் பின்னூட்டம்’ என்கிறார்கள். நண்பர்கள் பலருக்கும் பொதுவானவர்கள். ஒரே வேர்ப்பூஞ்சை பல இனங்களோடு உறவு வைத்துக்கொள்ளும். எதிரிகள்தான் பெரும்பாலும் ஆள் பார்த்து அடிப்பவர்கள்.

அந்த அடி எப்படி விழுகிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். வட அமெரிக்காவின் பிளாக் செர்ரி மரத்தடியில் விதைகள் கொட்டி, நாற்றுகள் கூட்டமாக முளைக்கும். மண் நனைந்ததும் பித்தியத்தின் நுண்வித்துகள் வெளிவரும். இவற்றுக்கு வால் உண்டு. மண் துகள்களுக்கு நடுவே உள்ள நீர்ப்படலத்தில் வேரின் கசிவை மோப்பம் பிடித்து நீந்திப் போகும். பித்தியம் பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் உறவு முறையில் பழுப்புப் பாசிகளுக்குத்தான் நெருக்கம். நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, நூலாக இளைத்து, மடங்கி விழுந்துவிடும். நாற்றங்கால் போடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், நாற்றழுகல் என்பார்கள். அலிசா பேக்கர், கீத் கிளே என்ற ஆய்வாளர்கள் 2000-இல் காட்டியது இதைத்தான். தாய்மரத்தடி மண்ணைக் கிருமி நீக்கிக் கொடுத்தால் நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் கூடுதலானவை பிழைக்கின்றன. மரத்திலிருந்து தள்ளி எடுத்த மண்ணில் கிருமி நீக்கினாலும் நீக்காவிட்டாலும் வித்தியாசம் இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். எதிரி கூடுவது கூட்டத்தில்தானே? அப்படியென்றால் அடி வாங்க வேண்டியது ஊரெல்லாம் நிறைந்த இனம் அல்லவா? பனாமாவின் பாரோ கொலராடோ தீவுக் காட்டில் ஸ்காட் மாங்கன் குழு ஆறு மர இனங்களை எடுத்துப் பார்த்தது (2010). அங்கும் அரிய மரங்களின் நாற்றுகளே சொந்த மண்ணில் அதிகம் நலிந்தன. முடிச்சு அவிழ்வது இப்படி. எதிரிகளின் கூட்டம் தாய்மரத்தடியோடு நின்றுவிடுகிறது. விதையைப் பறவை தூக்கிப் போய்ப் போட்டால், அது தன்னைத் தெரியாத மண்ணில் விழுகிறது. அரிய இனத்துக்குக் காடு முழுக்கவே தெரியாத மண்தான், அதனால் அது அடியோடு அழிவதில்லை. எண்ணிக்கை கூடக் கூட அந்தப் புது மண் சுருங்குகிறது. ஆக, ஒவ்வோர் இனத்துக்கும் மண் ஓர் உச்சவரம்பு போட்டு வைத்திருக்கிறது. எதிரிகளைக் கொஞ்சமும் தாங்காத இனத்துக்கு அந்த வரம்பு தாழ்வு, தாங்கும் இனத்துக்கு உயரம். என்னைக் கேட்டால், இந்தத் துறையிலேயே அழகான விஷயம் இதுதான். ஓர் இனத்தை அரிதாக்குவதும் பல இனங்களைச் சேர்ந்து வாழ வைப்பதும் ஒரே கிருமிகள்.

வரம்பிலிருந்து தப்பிக்கவும் வழி உண்டு. பிளாக் செர்ரியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ள மண் அதை அப்படி வதைக்கவில்லை, காடுகளில் களையாகப் பெருகிவிட்டது. கடலோர மணல்மேட்டில் வளரும் மேரம் புல் இடத்தை விட்டே போகாமல் தப்பிக்கிறது. காற்று புது மணலைக் கொட்டக் கொட்ட, அதில் மேல்நோக்கிப் புது வேர் விடும். நூற்புழுக்களும் நோய்ப் பூஞ்சைகளும் பின்னால் ஏறி வருவதற்குள் ஓர் அடுக்கு முன்னே போய்விடும். மணல் வரத்து நின்றால் புல் நலிந்து, வேறு செடிகள் இடத்தைப் பிடிக்கும். ஓக், பைன் மாதிரி மரங்களின் கதை வேறு. அவற்றின் பூஞ்சைகள் வேர் நுனியை உறைபோலப் போர்த்தி விடுவதால், தாய்மரத்தடி நாற்றுக்கு அடியைவிட உதவியே அதிகம். அதனால்தான் அவை கூட்டம் கூட்டமாக நிற்கின்றன.

நெதர்லாந்தில் உழுது கைவிட்ட வயல் ஒன்றில், மேல்மண்ணை எடுத்துவிட்டு ஒரு பகுதியில் புல்வெளி மண்ணையும் இன்னொரு பகுதியில் குறும்புதர்க் காட்டு மண்ணையும் மெல்லிய அடுக்காகத் தூவிப் பார்த்தார்கள். மண்ணோடு சில விதைகளும் போயிருக்கும்தான். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால், ஒரு பக்கம் புல்வெளியை நோக்கியும் மறுபக்கம் புதர்க்காட்டை நோக்கியும் போய்க்கொண்டிருந்தது.