லிஸ்டிங் காப்பி பண்ணி ப்ராப்பர்ட்டி சைட் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்

மறுபடியும் ஒருத்தர் வந்தாரு. ரெடிமேட் ஸ்கிரிப்ட் வாங்கி, டொமைன் எடுத்து, லோகோ போட்டு, வீடு மனை எல்லாம் ஏத்தி சைட்டை லான்ச் பண்ணிட்டாரு. "லிஸ்டிங் ஆயிரக்கணக்குல இருக்கு சார், ஆனா ஒரு என்கொயரி கூட வரல, எஸ்இஓ (கூகுள் தேடல்ல மேல வர வைக்கிற வேலை) மட்டும் பண்ணிக் குடுங்க"ன்னு கேக்குறாரு. தொறந்து பாத்தா எல்லாமே பெரிய போர்ட்டல்ல இருந்து ஸ்கிரேப் பண்ணது, அதாவது ப்ரோகிராம் வச்சு மொத்தமா காப்பி அடிச்சது, பல போட்டோல அவங்க வாட்டர்மார்க் கூட அப்படியே இருக்கு. இந்த மாதிரி கேஸ் எனக்கு தொடர்ந்து வந்துட்டே இருக்கு, அதனாலதான் எழுதறேன்.

"முதல்ல சைட் நிறைஞ்ச மாதிரி தெரியணும், அப்புறம் நிஜ லிஸ்டிங் தானா வரும்"னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதுதான் எல்லாத்துக்கும் காரணம். கொஞ்சம் யோசிங்க. வீடு தேடறவரு உங்க சைட்ல ஒண்ணைப் பாத்து போன் போடறாரு, அந்தப் பக்கம் "அது போய் ரொம்ப நாளாச்சுங்க"ங்கறாங்க. அடுத்ததுக்கு போடறாரு, அதே பதில். மூணாவது போன் போடவே மாட்டாரு, உங்க சைட்டுக்கும் திரும்ப வரமாட்டாரு. வீட்டுக்காரரோ "என் நம்பரை யாரு உங்ககிட்ட குடுத்தா"ன்னு உங்களைத்தான் திட்டுவாரு. நாளைக்கு அவர்கிட்ட நிஜமாவே ஒரு வீடு காலியானா உங்களுக்கா குடுப்பாரு? நீங்க ஆயிரம் காட்டினா எதிர்ல இருக்கிற போர்ட்டல் லட்சம் காட்டும், எண்ணிக்கைல நீங்க ஜெயிக்கவே முடியாது. புதுசா வர்றவங்க ஜெயிக்கக்கூடிய ஒரே இடம், போட்டிருக்கிற வீடு இன்னைக்கு நிஜமா காலியா இருக்குங்கற உறுதி மட்டும்தான். அதையே முதல் நாள்ல தொலைச்சிட்டு என்கிட்ட வந்தா நான் என்ன எஸ்இஓ பண்ணறது?

சட்டச் சிக்கல் தனி. அமெரிக்காவுல கிரெய்க்ஸ்லிஸ்ட்ங்கற வரி விளம்பர சைட் தன்னோட விளம்பரங்களை எடுத்துக் குடுத்த 3டேப்ஸ் மேலயும், அதை மேப்ல காட்டின பேட்மேப்பர் மேலயும் 2012ல கேஸ் போட்டுச்சு. 2015ல சமரசம் ஆனப்போ 3டேப்ஸ் 10 லட்சம் டாலர் கட்டிட்டு கடையை மூட வேண்டியதாச்சு. கூகுளோட ஸ்பேம் விதிகள்லயே ஸ்கிரேப் பண்ண கன்டென்ட், ஏரியா பேரை மட்டும் மாத்தி மாத்திப் போடற டோர்வே பேஜ் ரெண்டும் தப்புன்னு இருக்கு, 2024 மார்ச்ல மொத்தமா தயாரிச்சுக் குவிக்கிற பக்கங்களையும் சேத்துட்டாங்க. ஒரு லிஸ்டிங் கூட இல்லாத ஏரியா பேஜ் ஆயிரம் வச்சிருந்தா, கூகுள் தேடல்ல காட்டாதேன்னு சொல்ற நோஇண்டெக்ஸை உடனே போடுங்க. இன்னொண்ணு, முடிஞ்சுபோன லிஸ்டிங்கையெல்லாம் ஹோம் பேஜுக்கு ரீடைரக்ட் பண்ணாதீங்க, கூகுள் அதை சாஃப்ட் 404ன்னுதான், அதாவது இல்லாத பக்கம்னுதான் எடுத்துக்கும், ஒழுங்கா "இந்தப் பக்கம் நிரந்தரமா போயிடுச்சு"ன்னு சொல்ற 410 கோடு குடுங்க.

அடுத்தது ஏஜென்ட் விஷயம். பெரிய போர்ட்டலை விட்டுட்டு நம்மகிட்ட வாங்கன்னு கேக்கறவங்க பிரிட்டன்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஏஜென்ட்டுகளே சேந்து 2015 ஜனவரில ஆன்தமார்க்கெட்ங்கற சொந்த போர்ட்டலை ஆரம்பிச்சாங்க, எங்ககூட இருந்தா வேற ஒரே ஒரு போர்ட்டல்லதான் போடணும்னு கண்டிஷன். நிறைய பேர் முதலிடத்துல இருந்த ரைட்மூவ் போர்ட்டலை வச்சுக்கிட்டு அதோட போட்டி போர்ட்டலான ஸூப்லாவைத்தான் விட்டாங்க. ரைட்மூவ் முதலிடத்துலயேதான் நின்னுச்சு. ஆளு எங்க தேடறாங்களோ ஏஜென்ட் அங்கதான் இருப்பாரு, அவரைக் குறை சொல்லி என்ன பண்ண? அந்த ரைட்மூவே 2000ல பெரிய ஏஜென்சிகள் சேந்து ஆரம்பிச்சதுதான், வீடு கைல இருந்துச்சு, சைட் அதுக்கப்புறம். அதனால ஏஜென்ட்கிட்ட எதையும் விடச் சொல்லாதீங்க, கூட இன்னொரு இடம்னு மட்டும் சொல்லுங்க. ஃபார்ம் ஃபில் பண்ணச் சொல்லி உயிரை வாங்காதீங்க, வாட்ஸ்அப்ல போட்டோவும் விவரமும் அனுப்பச் சொல்லி நீங்களே ஏத்துங்க. லீடு (வீடு கேட்டு வர்ற ஆள்) வர்றதுக்கு முன்னாடி காசு கேக்காதீங்க.

ஏரியாவைச் சுருக்குங்க. முழு ஊரும் வேண்டாம், நடந்தே சுத்திடக்கூடிய நாலு தெரு போதும், வாடகையா விற்பனையான்னு ஒண்ணை மட்டும் எடுங்க. ஒவ்வொரு லிஸ்டிங்லயும் கடைசியா எந்தத் தேதில உறுதி பண்ணீங்கன்னு போடுங்க, குறிச்ச நாளைக்குள்ள ஓனர் மறுபடி உறுதி பண்ணலன்னா தானா மறையற மாதிரி செட் பண்ணுங்க.

இதை மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், ஏன்னா இதுல அடுத்தவங்க சேமிப்பு போகுது. யாரோ ஒருத்தன் வேற சைட்ல இருக்கிற வீட்டுப் போட்டோவைத் திருடி, கம்மி வாடகை போட்டு, "நிறைய பேர் கேக்குறாங்க, அட்வான்ஸ் அனுப்பினா பிடிச்சு வைக்கிறேன்"ம்பான். சரிபாக்க ஆளில்லாத புது சைட் அவனுக்கு ரொம்ப வசதி. "ஓடிபி வச்சிருக்கோமே"ன்னு சொல்லாதீங்க, போன் அவனோடதுன்னுதான் ஓடிபி சொல்லும், வீடு அவனோடதான்னு சொல்லாது. நேர்ல போய்ப் பாருங்க, முடியலன்னா வீட்டுக்குள்ள நின்னு வீடியோ கால் பண்ணச் சொல்லுங்க. வீட்டைப் பாக்காம பணம் அனுப்பாதீங்கன்னு போன் நம்பருக்குப் பக்கத்துலயே பெருசா எழுதுங்க.

ஏற்கனவே காப்பி பண்ணி ஏத்தியிருக்கீங்களா, இன்னைக்கே அத்தனையும் எடுத்துடுங்க. மிச்சம் இருபதுதான் நிக்குதுன்னா பரவால்ல, அந்த இருபது ஓனருக்கும் போன் போட்டு வீடு இன்னும் காலியா இருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் என்கிட்ட வாங்க.